ஐந்தாவது கேமராவும் ஆறாவது கேமராவும்

எங்கள் வீட்டில் இப்போது ஆறு கேமராக்கள் இருக்கின்றன. நான்கு ஒயரில் ஓடுபவை, வீடு கட்டும்போதே மாட்டியவை. மற்ற இரண்டும் ஒயர் இல்லாதவை, வைஃபையில் ஓடுபவை. அந்த இரண்டையும், படத்தைப் பதிவு செய்யும் பழைய பெட்டியோடு சேர்த்தது நான். தெரிந்தே செய்த கெட்ட காரியம் ஒன்றைச் சொல் என்று யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். இதுவரை யாரும் கேட்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு, ஒருத்தி தன் வீட்டுக்குக் கூடுதலாக இரண்டு கேமரா வாங்கி மாட்டியிருக்கிறாள், அவ்வளவுதான்.

எங்கள் நகர் சென்னைக்கு வெளியே, பாரிவாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நகர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மூன்று தெரு, பாதி மனை காலி, காலி மனையில் முள்செடி, மழை வந்தால் முழங்கால் தண்ணீர். விருதுநகர் பக்கம், தஞ்சாவூர் பக்கம், சேலம் பக்கம் என்று ஆளுக்கொரு மூலையிலிருந்து வந்து, லோன் போட்டு வீடு கட்டி, பால் காய்ச்சிய மறுநாளே "இங்கே யாரை நம்புவது" என்று பேச ஆரம்பித்தவர்கள் நாங்கள். பேச்சு எப்போதும் ஏரிக்கரைப் பக்கத்து ஆட்களைப் பற்றித்தான் இருக்கும். லேஅவுட் போடுவதற்கு முன்னால் இது நெல் வயல். அதில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பங்கள் இன்னும் ஏரிக்கரையில்தான் இருக்கின்றன. இப்போது ஆண்கள் குடோனுக்குப் போகிறார்கள், பெண்கள் கம்பெனிகளில் கூட்டித் துடைக்கப் போகிறார்கள். மெயின் ரோட்டுக்குப் போக அவர்களுக்கு எங்கள் தெருதான் குறுக்கு வழி. காலை ஏழு மணிக்கு சைக்கிளும் டிபன் கேரியருமாகப் போவார்கள். எங்கள் தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டுக் கேமராவும் அவர்களைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கும்.

என் வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங், பெரும்பாலும் வீட்டிலிருந்தே. அடுத்தவர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். ஆகவே எந்தச் சாமான் வாங்கினாலும் அதோடு வரும் புத்தகத்தை முழுதாகப் படிப்பேன். என் கணவர் ஒரகடத்தில் ஷிப்டு வேலை, வீட்டுக்கு வந்தால் தூக்கம், எந்தப் பொத்தானையும் தொட மாட்டார். கேமராப் பெட்டி முழுக்க என் ஆட்சி. டிவிக்குக் கீழே இருக்கும் அந்தப் பெட்டிக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க் உண்டு. நான்கு கேமராவும் பார்ப்பதை அது எழுதிக்கொண்டே போகும். இடம் தீர்ந்ததும் மிகப் பழைய நாளின் பதிவை அழித்துவிட்டு அதன் மேல் எழுதும். நான்கு கேமராவுக்கு மூன்று வாரம் வரை தங்கும். இது எனக்கு மனப்பாடம். இது தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவே முடியாது.

ஒயர் இல்லாத கேமரா இரண்டையும் ஒரு ஆடித் தள்ளுபடியில் வாங்கியிருந்தேன். பின்தெருவில் ஒரு வீட்டில் மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் வீட்டின் பின்பக்கத்துக்கு ஒயர் இழுக்க வேண்டுமானால் பெயிண்ட் அடித்த சுவரை உடைக்க வேண்டும். எனவே ஒயர் இல்லாததாகப் பார்த்து வாங்கினேன். வாங்கிய சூட்டில் மாட்டவில்லை. இரண்டு மாதம் பெட்டி பிரிக்கப்படாமல் பீரோ மேல் தூசு படிந்து கிடந்தது. "எப்ப மாட்டப் போறே?" என்று கணவர் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். "நீங்களே மாட்டுங்களேன்" என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் தகரம் விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. குப்பை வண்டி என்று நினைத்து மிக்சியை மறுபடி போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வெளியே பேச்சுச் சத்தம் பெருகவே எட்டிப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும் ஒருவரை நாலைந்து பேர் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தினமும் சைக்கிளில் போகிறவர்தான், வேலப்பன்சாவடிப் பக்கம் ஏதோ குடோனில் மூட்டை இறக்குகிறவர். அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே, இருக்கக்கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது. சைக்கிள் மடங்கிக் கிடந்தது. இடித்த வண்டியைக் காணோம். யாரும் பார்க்கவில்லை என்றார்கள்.

எனக்கு உடனே வந்தது இரக்கம் இல்லை. இதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்தது, "நம்ம கேமராவில் விழுந்திருக்குமே" என்கிற பரபரப்பு. யார் என்று கண்டுபிடித்து எங்கள் நகர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் எல்லாரும் அசந்துபோவார்கள் என்று தோன்றியது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே டிவி முன்னால் உட்கார்ந்து மூன்றாம் நம்பர் கேமராவைப் பின்னால் ஓட்டினேன்.

வெள்ளைக் கார் வேகமாக முனையில் திரும்பியது. சைக்கிள்காரர் ஓரமாகத்தான் வந்துகொண்டிருந்தார். காரின் இடது மூலை பட்டு அவர் விழுந்தார். கார் பத்தடி போய் நின்றது. ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு திறந்தது. ஒரு கால் கீழே வந்து தரையில் பட்டது. கீழே கிடந்தவர் கையைத் தூக்கினார். கால் மறுபடி உள்ளே போனது. கதவு மூடிக்கொண்டது. கார் போய்விட்டது. நம்பர் பிளேட் படிக்கிற மாதிரியே இருந்தது. ஆனால் எனக்கு நம்பர் தேவைப்படவில்லை. பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த பொம்மையைப் பார்த்தே தெரிந்துவிட்டது. அது பக்கத்து வீட்டு அண்ணனுடைய கார்.

அந்த அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் விருதுநகர் பக்கம், எங்கள் ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர். நாங்கள் குடி வந்த வருஷம் என் மகள் என் வயிற்றில் இருந்தாள். நாள் இன்னும் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு மழை நாள் மத்தியானம் வலி எடுத்தது. கணவர் ஷிப்டில். ஆம்புலன்ஸ்காரர் தெருவுக்குள் தண்ணீர் நிற்கிறது, வர முடியாது என்றார். இந்த அண்ணன்தான் தன் காரை அந்தத் தண்ணீரில் இறக்கினார். சைலன்சருக்குள் தண்ணீர் போனால் இன்ஜினே போய்விடும் என்று அவர் மனைவி வாசலில் நின்று கத்தினார். "வண்டி போனா வேற வண்டி வாங்கிக்கலாம். தங்கச்சி, நீ கண்ண மூடிக்கிட்டு சாமியக் கும்பிடு" என்று சொல்லிக்கொண்டே பூந்தமல்லி வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். என் மகள் முழுசாக இருப்பது அந்த மனிதரால். அதே கார்தான் அன்றைக்கு டிவியில் ஓடியது.

மூன்று முறை பார்த்தேன். மூன்றாம் முறை பார்க்கும்போது பின் சீட்டில் பள்ளிச் சீருடை தெரிந்தது. அவருடைய மகன் உட்கார்ந்திருந்தான், அன்றைக்கு அவனுக்குப் பரீட்சை. சட்னி காய்ந்துகொண்டிருந்தது. டிவியை அணைத்துவிட்டுப் போய்த் தாளித்தேன்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் நகர் குரூப்பில் நாற்பது செய்திகள். விழுந்தவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டவர் ஒருவர். மற்றவர்கள் எல்லாரும், வெளியாட்கள் நம் தெரு வழியாக வருவதால்தான் இதெல்லாம், முனையில் ஒரு கேட் போட வேண்டும் என்றார்கள். இடித்தவர் வெளியிலிருந்து வந்தவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. கேட் யோசனைக்குக் கட்டைவிரல் போட்டவர்களில் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர். நானும் ஒருத்தி. ஏன் போட்டேன் என்று இன்றுவரை புரியவில்லை. போடாமல் இருந்தால் தெரிந்துவிடுமோ என்று பயந்திருப்பேன்.

புதன்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்தார். ஏணி வேண்டுமென்று கேட்டார். அவர் வீட்டில் எங்களுடையதைவிட நல்ல ஏணி இருப்பது எனக்குத் தெரியும். கொடுத்தேன். வாசல்படியில் நின்று மேலே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இந்தக் கேமராவுல முனை வரைக்கும் தெரியுமா தங்கச்சி?"

"இல்லண்ணே. கேட்டு வரைக்கும்தான்."

அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. நான் சொன்னது பொய் என்பது அவருக்கும் தெரியும். ஏனென்றால் அந்தக் கேமராவை முனைப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னதே அவர்தான், இரண்டு வருஷம் முன்னால். ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். நாங்கள் இருவரும் எதுவும் பேசாமலேயே ஒரு காரியத்தில் கூட்டாகிவிட்டோம்.

வெள்ளிக்கிழமை ஒரு பெண் வந்து கேட்டைத் தட்டினார். செவ்வாய்க்கிழமை விழுந்தவருடைய மனைவி என்று சொன்னார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராவது இருப்பார். ஆனாலும் என்னை அக்கா என்றார்.

"அக்கா, உங்க ஊட்டாண்ட கேமரா கீதே, அதுல எங்க ஊட்டுக்காரர் வுயுந்தது தெரியுதான்னு கொஞ்சம் பாத்து சொல்றியாக்கா. நம்பரு மட்டும் கெடச்சா போதும்."

"இப்ப எப்படி இருக்காரு?"

"கீய்ப்பாக்கம் ஆஸ்பத்திரில வெச்சிகிறாங்க. கால்ல ராடு போட்ருக்காங்க. இன்னொரு தபா ஆபரேசன் பண்ணணுமாம். அந்த மனுசனுக்கு ஒண்ணுமே நெனப்பில்லக்கா, வெள்ள வண்டின்னுது, அவ்ளோதான். ஸ்டேசன்ல நம்பரு இல்லாம இன்னா பண்றதுன்றாங்க. குடோன்லயும் கைய விரிச்சிட்டாங்க, வேலைல இருக்கும்போது அடிபடலயாம். வண்டிக்காரன் ஆருன்னு தெரிஞ்சாத்தான் எதுனா கெடைக்கும், இல்லன்னா அவரு எயுந்து நடக்கறதுக்குள்ள நாங்க இன்னாத்துக்கு ஆவுறது?"

எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் "இந்த இடம் கேமரா கண்காணிப்பில் உள்ளது" என்று பலகை தொங்குகிறது. அந்த வாரம் ஒரு வீட்டுக் கேமராவும் வேலை செய்யவில்லை. ஒரு வீட்டில் ரிப்பேர் என்றார்களாம், இன்னொரு வீட்டில் சும்மா பொம்மைக் கேமரா என்றார்களாம், மூன்றாவது வீட்டில் கதவையே திறக்கவில்லையாம். அவர் அதைப் புகாராகச் சொல்லவில்லை, வழி கேட்டு அலைந்த கதையாகத்தான் சொன்னார்.

"ஞாயித்துக்கிழம கேமராக்காரர் வர்றாரு. அவர வெச்சுப் பாத்துச் சொல்றேன்" என்றேன்.

கேமராக்காரர் வருவதாக எந்த ஏற்பாடும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பாத்து சொல்லுக்கா" என்றார். அவர் போன பிறகு சோபாவில் உட்கார்ந்து யோசித்தேன். நம்பரைக் கொடுத்தால் அண்ணன் வீட்டுக்குப் போலீஸ் வரும். மகன் பார்க்க அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கொடுக்காமல் இருக்கவும் மனசு வரவில்லை. பெட்டியில் ஒரு நாளை மட்டும் தனியாக அழிக்க வழியில்லை, மொத்தமாகத்தான் அழிக்கலாம். மொத்தமாக அழித்தால் நான் அழித்தேன் என்று தெரியும். அப்போதுதான் பீரோ மேல் இருந்த புதுக் கேமராப் பெட்டி கண்ணில் பட்டது.

சொன்ன பொய்யை உண்மையாக்குவதற்காக, எங்களுக்கு முதலில் கேமரா மாட்டிய ஆவடிக்காரருக்கு ஃபோன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தார். நிதானமான மனிதர், வீட்டு ஒயரிங் வேலையும் செய்வார். புதுக் கேமரா ஒன்றைத் துணி துவைக்கும் கல்லுக்கு மேலேயும், இன்னொன்றை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலும் மாட்டினார். பிறகு டிவி முன்னால் உட்கார்ந்து அவற்றைப் பழைய பெட்டியில் சேர்க்க ஆரம்பித்தார். பின்பக்கம் வைஃபை போய்ச் சேரவில்லை, சமையலறை ஜன்னல் ஓரம் இன்னொரு சிறிய பெட்டி வைத்து இழுத்தார். படம் வந்தது. எங்கள் துணிக்கொடியும் அதில் காய்ந்த என் நைட்டியும் துல்லியமாகத் தெரிந்தன.

"மேடம், ரெண்டும் ஏறிடுச்சு. ஆனா ஒரு மேட்டரு. உள்ள கீற டிஸ்க்கு சின்னது. ஒயர் கேமரா நாலும் கம்மியா எயுதினு கீது. இது ரெண்டும் ஃபுல் குவாலிட்டில எயுதுச்சுன்னா பழசெல்லாம் கடகடன்னு போய்டும். பெரிய டிஸ்க்கா ஒண்ணு மாட்டிக்கலாமா? இல்லன்னா குவாலிட்டிய கொறச்சு வுடட்டா?"

"வேண்டாம். ஃபுல்லாவே இருக்கட்டும்."

"துணி காயறதுக்கு எதுக்கு மேடம் ஃபுல்லு?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆள் வந்தால்தான் பதிவாகும்படி வைக்கவா என்று கேட்டார். இல்லை, எந்நேரமும் பதிவாகட்டும், சத்தத்தோடு பதிவாகட்டும் என்றேன். "உங்க இஷ்டம்" என்று அப்படியே வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். அவர் எழுந்து போனதும் பெட்டியில் ஒரு பென்டிரைவைச் சொருகியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் செவ்வாய்க்கிழமையைத் தனியாக எடுத்து வைத்திருக்கலாம். பென்டிரைவ் டிவி மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. நான் இழுப்பறையைத் திறக்கவில்லை.

பெட்டியில் ஒரு நாட்காட்டி உண்டு. பதிவு இருக்கிற நாட்களின் மேல் பச்சைப் புள்ளி இருக்கும். அழிந்த நாளில் புள்ளி போய்விடும். முன்பெல்லாம் ஒரு நாள் புதிதாக ஏற ஒரு பழைய நாள் விழும். இப்போது ஒரு நாள் ஏற இரண்டு, மூன்று நாள் விழுந்தன. கணக்குப் போட்டுப் பார்த்தேன், அந்த வார முடிவுக்குள் செவ்வாய்க்கிழமை போய்விடும் என்று வந்தது. ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவில், மைக்கை அணைத்துவிட்டு, நாட்காட்டியைத் திறந்து பார்ப்பேன். புள்ளிகள் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தன. துணிக்கொடியும் தண்ணீர்த் தொட்டியும் எந்நேரமும் எழுதிக்கொண்டிருந்தன. நான் ஒன்றும் செய்யவில்லை, அது தானாக நடக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் மனசு அதை நம்பவில்லை. மகள் ஏதோ கேட்டதற்கு இல்லாத கோபத்தில் அதட்டினேன். குழந்தை அழுதது.

அதற்கு நடுவில் புதன்கிழமை அந்த அம்மா மறுபடி வந்தார். இன்னும் பார்க்கவில்லை, ஆபீஸில் தலைக்கு மேல் வேலை என்றேன். "சரிக்கா, நீ வேலையப் பாரு, நான் அப்பால வரேன்" என்று என் மேல் பரிதாபப்பட்டுவிட்டுப் போனார். அப்போது செவ்வாய்க்கிழமை இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து அதன் பச்சைப் புள்ளியைப் பார்த்தேன். கூப்பிட்டால் திரும்பி வருகிற தூரத்தில்தான் அந்த அம்மா நடந்துகொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை நாட்காட்டியைத் திறந்தபோது அந்தச் செவ்வாய்க்கிழமை வெறும் எண்ணாக இருந்தது. முதலில் எனக்கு வந்தது நிம்மதி. வெட்கமில்லாமல் ஒரு நிம்மதி. காபி போட்டு, உட்கார்ந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி போய் அந்த எண்ணையே பார்த்தேன்.

திங்கட்கிழமை அந்த அம்மா ஒரு போலீஸ்காரரோடு வந்தார். எனக்குப் பயமே இல்லை. இருவரையும் உள்ளே கூப்பிட்டு, ஃபேன் போட்டு, தண்ணீர் கொடுத்து, டிவியில் எல்லாவற்றையும் திறந்து காட்டினேன். போலீஸ்காரர் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னம்மா, ரொம்பக் கம்மி நாள்தான் இருக்கு? மூணு வாரம், ஒரு மாசம் இருக்கும்பாங்களே."

"புதுசா ரெண்டு கேமரா சேர்த்தோம் சார். டிஸ்க்கு பத்தல. பழசு தானா அழிஞ்சிடுச்சு."

"என்னிக்கு சேர்த்தீங்க?"

"நேத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழம சார். இந்த அம்மாகிட்டகூடச் சொல்லியிருந்தேன், கேமராக்காரர் வர்றாருன்னு."

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அந்த அம்மாவும், "ஆமா சார், சொல்லிச்சு" என்று எனக்காகத் தலையாட்டினார். போலீஸ்காரர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அடையாளம் தெரியாத வாகனம் என்று போட்டுவிட வேண்டியதுதான் என்று எழுந்தார். அந்த அம்மா மட்டும் டிவியையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் ஆறு கட்டம். ஐந்தாவது கட்டத்தில் துணி ஆடிக்கொண்டிருந்தது. "எவ்ளோ நல்லா தெரியுது" என்றார்.

அதற்குப் பிறகு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்தது. தீபாவளிக்கு அவர் மனைவி மட்டும் பலகாரம் கொண்டுவந்தார். நான் அவரைக் காப்பாற்றியிருக்கிறேன், அது அவருக்குத் தெரியும், அதனாலேயே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை. எனக்கும் அப்படித்தான். அவரை எதிரே பார்த்தால், மழைத் தண்ணீரில் என்னை ஏற்றிப் போன முகம் ஞாபகத்துக்கு வர வேண்டும். எனக்கு வருவது கதவுக்கு வெளியே வந்து உள்ளே போன அந்தக் கால். காரை விற்றுவிட்டார், வேறு நிறத்தில் ஒன்று வாங்கியிருக்கிறார். என் கணவரிடம் இது எதையும் நான் சொல்லவில்லை. "நல்லவேளை, அந்தக் கேமராவ ஒருவழியா மாட்டினே" என்று அவர் பாராட்டியபோது ஏதாவது சொல்லியிருக்கலாம். குளிக்கப் போய்விட்டேன்.

போலீஸ் வந்து போன மறுநாளே ஒயர் இல்லாத இரண்டு கேமராவிலும் குவாலிட்டியைக் குறைத்து, ஆள் வந்தால் மட்டும் பதிவாகும்படி வைத்துவிட்டேன். இப்போது மறுபடி ஏறக்குறைய மூன்று வாரம் தங்குகிறது. பெரிய டிஸ்க்கே வாங்கிப் போட்டிருக்கலாம். அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டி, நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள் அண்ணே என்று கெஞ்சியிருக்கலாம். இப்படி இருந்திருக்கலாம், அப்படி இருந்திருக்கலாம் என்று நான் யோசிக்காத வழியே இல்லை. எல்லா வழியும் அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால்தான் திறந்திருந்தன. நன்றி என்ற பெயரில் நான் செய்தது கோழைத்தனம். எனக்கு உதவி செய்தவருக்கு நான் கொடுத்தது என் கையிலிருந்து இல்லை, ஏரிக்கரையில் இருக்கும் ஒருவருடைய காலிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு காலையில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அந்த அம்மா எதிரே வந்தார். கம்பெனிச் சீருடை, கழுத்தில் அட்டை. அவர் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். என்னைப் பார்த்ததும் நின்றார். கணவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"கம்ப புட்சிக்கினு பாத்ரூம் வரைக்கும் போவுதுக்கா. மூட்ட தூக்கறதெல்லாம் இனிமே இல்லன்ட்டாங்க. பேசாம குந்திக்கினே கீது." கொஞ்சம் தயங்கினார். "அன்னிக்கு உனக்கு ஒயுங்கா ஒரு வார்த்தகூட சொல்லல. இவ்ளோ ஊட்ல நீ ஒருத்திதான்க்கா எங்கள உள்ள கூப்ட்டு, தண்ணி குட்த்து, தொறந்து காமிச்ச."

கோலமாவுக் கிண்ணத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஊட்டுக்காரருக்கு ஒரே ரோசனக்கா. படுத்துக்கினு அதையே சொல்லினு இருக்கும். வண்டிக்காரன் பாத்திருக்க மாட்டான், எதுவோ கல்லு மேல ஏறிச்சுன்னு நெனச்சுகினு போயிருப்பான், பாத்திருந்தா நின்னிருப்பான்னு. நான் இன்னா சொல்றது? நீயே சொல்லுக்கா, படிச்சவ. மனுசன் வுயுந்து கெடக்கறத பாத்துட்டு, யாராச்சும் சும்மா போவாங்களா?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மெயின் ரோட்டுக்குப் போகிற இரண்டு சைக்கிள் எங்களைக் கடந்து போயின.

"போக மாட்டாங்க" என்றேன்.

"அதான்" என்று அவர் முகம் தெளிந்தது. "அந்த அக்காவும் அதையேதான் சொல்லிச்சுன்னு சாயங்காலம் போய் சொல்றேன். கொஞ்சம் தெம்பா இருக்கும் அதுக்கு."